பேர் கூப்பிடாத வகுப்பு

கொரோனா காலத்துப் படிப்பைப் பற்றி யார் பேசினாலும் பிள்ளைகள் படித்தார்களா, படிக்கவில்லையா என்றுதான் கேட்கிறார்கள். ஒரே பிள்ளை, அதற்குத் தனியாக ஒரு போன், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை என்று இருந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி அது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாலு, நடுவில் சில மாதம் ஐந்து, டச் போன் ஒன்று. காலையில் எழுந்ததும் எங்களுக்கு இருந்த கேள்வியே வேறு. இன்றைக்கு யார் படிப்பது?

நாங்கள் வேலூர் மாவட்டம் குடியாத்தம். வீட்டுக்காரருக்குப் பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். மாமியார் எங்களோடு இருக்கிறார், எனக்கு அத்தை, பிள்ளைகளுக்கு ஆயா. 2020 மார்ச்சில் பெரியவள் பிளஸ் ஒன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், அரசுப் பெண்கள் பள்ளி. இரண்டாமவள் அதே பள்ளியில் ஏழாவது. அடுத்த இரண்டும் பையன்கள், மெட்ரிக் பள்ளி, ஒருத்தன் மூன்றாவது, கடைக்குட்டி எல்கேஜி. பெண்கள் அரசுப் பள்ளி, பையன்கள் மெட்ரிக் என்றதும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். வரலாம். பெண்களைச் சேர்த்தபோது கையில் காசில்லை, பையன்களைச் சேர்த்தபோது தனக்கு சூப்பர்வைசர் வேலை வந்திருந்தது, அவ்வளவுதான் என்று வீட்டுக்காரர் சொல்வார். இதே 'அவ்வளவுதான்' எங்கள் தெருவில் இன்னும் பல வீட்டில் உண்டு.

மார்ச் 24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசும்போது பெரியவள் வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். 26ஆம் தேதி கடைசிப் பரீட்சை. அது தள்ளிப்போனது. அப்புறம் ஜூன் 2 என்றார்கள், அதுவும் போய் ஜூன் 16 என்றார்கள், கடைசியில் ஜூன் 9ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தபோது கூடவே இதையும் ரத்து செய்தார்கள். இரண்டரை மாதம் ஒரு பிள்ளை ஒரே புத்தகத்தை மூடவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். ரத்து என்று செய்தி வந்ததும் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "இத்தனை நாளும் வேற எதையாவது படிச்சிருப்பேனேம்மா" என்று அழுதாள்.

ஐந்தாவது பிள்ளை நாத்தனார் மகன். பலமநேரியிலிருந்து வந்தவன். ஆந்திரா என்று பேர்தான், சைனகுண்டா செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறி இறங்கினால் ஊர் வந்துவிடும், எங்கள் பக்கத்து ஆட்கள் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற தூரம். பள்ளிக்கூடம் மூடினார்களே என்று ஆயா வீட்டுக்கு வந்தான், வந்த சில நாளில் எல்லாம் பூட்டிக்கொண்டது. ஏப்ரல் கடைசியில் அந்த சைனகுண்டா ரோட்டிலும் பொன்னை ரோட்டிலும் வேலூர் மாவட்ட நிர்வாகம் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டது. தடுப்புக் கம்பி இல்லை, ஹாலோபிளாக் கல் வைத்துப் பூசிய சுவர். ஊரெல்லாம் பேச்சாகி, நியூஸில் வந்து, ஓரிரு நாளில் இடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் போட்டோவை நாத்தனார் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்து, "அண்ணி, எம்புள்ளைய சுவத்துக்கு அந்தப் பக்கம் வச்சிகினாங்களே" என்று ஒப்பாரி வைத்தது இன்னும் காதில் இருக்கிறது. அவன் என்னவோ ஜாலியாகத்தான் இருந்தான். தெலுங்கில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக் கடைக்குட்டியைக் குழப்பினான். பாஸ் கிடைத்து அவனை அனுப்பிய பிறகுதான் வீட்டில் அரிசி செலவு குறைந்தது.

நம் பக்கத்து ஆட்களுக்கு பாஸ் விஷயத்தில் தனிக் கஷ்டம் ஒன்று இருந்தது, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 2019 நவம்பரில்தான் வேலூரை மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று புது மாவட்டங்கள் ஆக்கியிருந்தார்கள். முந்தின வருஷம் வரை ஒரே மாவட்டமாக இருந்த ஆம்பூருக்கும் ஆற்காட்டுக்கும் போக, ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய இ-பாஸ் கேட்டார்கள். என் அம்மா வீடு ஆற்காடு. பிள்ளைகளில் ரெண்டு பேரையாவது அங்கே அனுப்பிவைத்தால் இங்கே போன் நெருக்கடி குறையும் என்று நான் போட்ட கணக்கெல்லாம் அந்தப் பாஸில் அடிபட்டுப்போனது.

சரி, போனுக்கு வருகிறேன்.

ஜூனில் மெட்ரிக் பள்ளி ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்தது. நாலாவதுக்கும் யுகேஜிக்கும் ஒரே நேரம், காலை பத்து மணி. ஒரு போன். அந்த ஒன்றும் வீட்டுக்காரருடையது, கம்பெனி திறந்ததும் அது அவர் சட்டைப் பையில் ஏறிப் பேரணாம்பட்டு போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த நம்பரும் அவருடையதுதான். ஆரம்பத்திலேயே ஒரு நாள் காலை, கம்பெனி பஸ்ஸில் இருந்தவர் ஏதோ மெசேஜ் வந்திருக்கிறதே என்று லிங்க்கைத் தொட, "குட் மார்னிங் சில்ட்ரன், ஆல் ஆஃப் யூ ஸ்டேண்ட் அப்" என்று டீச்சர் குரல் பஸ் முழுக்கக் கேட்டிருக்கிறது. பின் சீட்டு ஆட்கள் நிஜமாகவே எழுந்து நின்றார்களாம். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லியே கம்பெனியில் அவரை ஓட்டினார்கள்.

என் கம்மலை அடகு வைத்து செகண்ட் ஹேண்டில் ஒரு போன் வாங்கினோம். கண்ணாடி ஓரத்தில் கீறல், சார்ஜர் வயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் ஏறும். அந்த நேரத்தில் அந்த விலைக்கு அதுவும் கிடைத்ததே பெரிசு. 199 ரூபாய் ரீசார்ஜ், நாளுக்கு ஒன்றரை ஜிபி, 28 நாள். ஒன்றரை ஜிபியை நாலு பிள்ளைக்குப் பங்கிடுவது ஒரு லிட்டர் பாலில் எட்டுப் பேருக்குக் காபி போடுவது மாதிரி. பகல் ரெண்டு மணிக்கெல்லாம் 'உங்கள் தினசரி டேட்டா தீர்ந்துவிட்டது' என்று மெசேஜ் வரும், அப்புறம் படம் ஓடாது, வட்டம்தான் சுற்றும். ராத்திரி பன்னிரண்டு அடித்தால் புது டேட்டா வருமென்று பெரியவள் விழித்திருந்து மறுநாளுக்கு வேண்டிய வீடியோக்களை இறக்கிவைப்பாள்.

கடைக்குட்டியின் வகுப்பை ஒரு நாள் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து, முன்னால் பலகை போட்டு, மேலே யூனிஃபார்ம் சட்டை கீழே ஜட்டியோடு அவன். திரையில் தீப்பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, சிலதில் வெறும் ஃபேன். டீச்சர் பாவம், சின்னப் பெண், கையில் ஆப்பிள் படத்தை வைத்துக்கொண்டு முகத்தில் சிரிப்பை இறக்கவே இல்லை. "ஏ ஃபார்?" என்று கேட்டார். இருபது வீட்டுச் சத்தம் ஒன்றாக வந்தது: குக்கர் விசில், யாரோ ஒரு ஆயா "வாயத் தொறந்து சொல்றா" என்று அதட்டுவது, எங்கேயோ தறி ஓடுகிற டக்கடக், எங்கள் வீட்டிலிருந்து என் தையல் மெஷின். எல்லாரையும் மியூட் செய்யச் சொன்னார். ஆறு நிமிடம் மியூட்டைத் தேடுவதில் போனது. அப்புறம் வருகைப் பதிவு, ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொரு பிள்ளையும் மியூட்டை எடுத்து "பிரசண்ட் மிஸ்" சொல்லி மறுபடி மியூட் போட, அதில் ஒரு இருபது நிமிடம். இவன் "பிரசண்ட்" சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்து கோழியைத் துரத்தப் போய்விட்டான். டீச்சர் வெறும் சுவரைப் பார்த்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆயாதான் போன் முன்னால் போய்க் குனிந்து, "அவன் கோயிகிட்ட போய்கிறான் டீச்சரம்மா, தோ இட்டாரேன்" என்றார். அந்த ஜூலையில் மத்திய அரசு பிரக்யதா என்று ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. மழலையர் வகுப்பென்றால் பெற்றோருக்கு வழிசொல்லத்தான், அதுவும் நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது, ஒன்று முதல் எட்டு வரை 30லிருந்து 45 நிமிடத்தில் இரண்டு வகுப்பு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாலு வகுப்பு என்று அதில் போட்டிருந்தார்கள். பேப்பரில் படித்தேன். எங்கள் பள்ளிக்கூடம் அந்தப் பேப்பரை வாங்குவதில்லை போலிருக்கிறது, யுகேஜிக்கு மதியம் வரை நடத்தினார்கள். ஃபீஸ் கேட்க வேண்டுமே, அதற்கு வகுப்பு நடந்ததாகக் காட்ட வேண்டும்.

இதில் இரண்டாமவள் எங்கே என்று கேட்பீர்கள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எட்டாவதுக்குப் போன அவளுக்கு நேரலை வகுப்பு கிடையாது. புத்தகம் மட்டும் பள்ளிக்கு வரச்சொல்லிக் கொடுத்தார்கள், கூடவே சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும். பாடம் கல்வித் தொலைக்காட்சியில், அரசு கேபிளில் 200ஆம் நம்பர். டீச்சர் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துக் கேள்விகளைப் போட்டார், ஆனால் அதைப் பார்க்கப் போன் வேண்டும், போன் தம்பிகளிடம். பெரியவளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவளிடம் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது, ஜூலையில் பள்ளிக்கு எடுத்து வரச்சொல்லி ஹைடெக் லேபில் பிளஸ் டூ பாட வீடியோக்களை மொத்தமாக ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள், நெட்டே தேவையில்லை. (அந்த ஒரு வேலையை யார் யோசித்துச் செய்தார்களோ, அவர்கள் வீட்டில் நாலு பிள்ளை இருந்திருக்க வேண்டும்.)

ஆக, பையன்களுக்குப் போன், பெரியவளுக்கு லேப்டாப், இவளுக்கு டிவி. பார்க்க நியாயமான பங்கு மாதிரி இருக்கும். ஆனால் போனில் ஒரு டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், வரவில்லை என்றால் நமக்கு மெசேஜ் போடுகிறார், மாதா மாதம் ஃபீஸ் கேட்கிறார். டிவி யாரையும் கூப்பிடுவதில்லை. அதனால் வீட்டில் எல்லார் கண்ணுக்கும் பையன்களுக்குத்தான் 'கிளாஸ்', இவள் 'சும்மா டிவி பார்த்துகினு இருக்கிறாள்'. குழாயில் தண்ணி வந்தால் யார் போவது? தம்பிக்கு கிளாஸ், அக்கா பிளஸ் டூ. நீ போ. கடையில் பால் வாங்க? நீ போ. கடைக்குட்டி ஹோம்வொர்க்கைப் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும், கை நிழல் விழாமல் மொட்டை மாடி வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், அதற்கும் அவள்தான். தம்பி நோட்டைப் படமெடுக்க மட்டும் போன் அவள் கைக்கு வரும், எடுத்ததும் திரும்பப் போய்விடும்.

ஒரு நாள் குழாயடியில் சண்டையாகிக் குடத்தை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் இப்போ கிளாஸ்தாம்மா நடக்குது. என்னை யாரும் பேர் கூப்பிட மாட்டாங்க, அவ்ளோதான்."

பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த மூன்றாவது வீட்டம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் வீட்டிலும் அதே கதை. அவர் மகள் ஒன்பதாவது. பள்ளி மூடினதும் இலை வெட்ட உட்கார்ந்தவள், கட்டுக் கட்டி அடுக்குகிற வேகத்தைப் பார்த்தால் பெருமையாகவும் இருக்கும் பயமாகவும் இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, கை கூடினால் காசு கூடும், ஊரடங்கில் எந்த வீட்டுக்குத்தான் அது வேண்டியதில்லை. அந்தப் பெண் அப்புறம் பள்ளிக்கு முழுசாகத் திரும்பவில்லை. படிப்பு நின்றது என்றால் பரீட்சையில் ஃபெயிலாகி, டிசி வாங்கி, ஒரு தேதியோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். அந்த ரெண்டு வருஷத்தில் 'ஆல் பாஸ்' போட்டுக்கொண்டே பிள்ளைகள் நின்றுபோனார்கள், ரெஜிஸ்டரில் பேர் இருந்தது.

நான் அன்றைக்கே ஒரு சார்ட் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எட்டாம் வகுப்புக் கல்வித் தொலைக்காட்சி நேரம் மேலே, பெரிய எழுத்தில். அந்த அரை மணி அவளை யாரும் எழுப்பக் கூடாது, தண்ணி வந்தால் பெரிய பையன் போவான், அவன் கிளாஸில் இருந்தால் நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போவேன். இதைக் காவல் காக்க அத்தையை உட்காரவைத்தேன். அதில் ஒரு சிக்கல். அதுவரை அத்தை சீரியல் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார், மார்ச்சில் ஷூட்டிங் நின்றதிலிருந்து பழைய எபிசோடையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஜூலையில் சீரியல் ஷூட்டிங்கும் மறுபடி ஆரம்பமானது, கல்வித் தொலைக்காட்சியில் பாடமும் ஆரம்பமானது. சீரியலின் பகல் மறுஒளிபரப்பும் எட்டாவது கணக்கும் ஒரே நேரத்தில் மோதின நாட்களில் ரிமோட்டுக்கு நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். கடைசியில் அத்தையே பாடத்துக்கு உட்கார ஆரம்பித்தார். நிஜமாகவே கவனித்தார். அறிவியலில் நுண்ணுயிரி பாடம் வந்தபோது, "தயிருக்குள்ள உசிரு கீதா? இம்மா நாளா நான் அதத்தான் தின்னுகினு இருந்தனா?" என்று கேட்டு இரண்டு நாள் மோர் குடிக்கவில்லை. பேத்தி நோட்டில் எழுதாமல் சும்மா பார்த்தால், "எழுதுடி, அந்தம்மா போர்டை அழிச்சிடப் போகுது" என்பார். பேர் கூப்பிட ஆள் கிடைத்துவிட்டது என்று இரண்டாமவள் சிரித்தாள்.

டிவிப் பாடத்தில் கேள்வி கேட்க முடியாது, நிறுத்த முடியாது, புரியாவிட்டால் போனது போனதுதான். ஆனால் ஒழுங்காக நடத்தினார்கள், தமிழில் நடத்தினார்கள், நேரத்துக்கு வந்தார்கள். சொல்வதற்குக் கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் அந்த வருஷம் பாடமென்று ஏதாவது மண்டையில் ஏறியது என்றால் காசு கட்டாத அந்த இரண்டு பேருக்குத்தான். பெரிய பையன் நாலாம் வகுப்பில் கற்றது போனில் ஸ்கிரீனைப் பாதியாகப் பிரித்து மேலே டீச்சரும் கீழே கேமும் ஓடவிடுவது. வகுத்தல் கணக்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டாமவள், தீக்குச்சிகளை அடுக்கி. தீக்குச்சிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

செப்டம்பரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்று 21ஆம் தேதியிலிருந்து 25 வரை ஆன்லைன் வகுப்புக்கு லீவு விடச் சொன்னது தமிழ்நாடு அரசு. வீட்டிலேயே இருக்கிற பிள்ளைக்கு வீட்டிலேயே லீவு. முதல் நாள் பையன்கள் இருவரும் போனை விட்டுவிட்டுத் தெருவில் பம்பரம் விட்டார்கள். நான் அந்தப் போனை அப்படியே இரண்டாமவளிடம் கொடுத்தேன். அவள் புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கோடுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து பார்த்தாள், எது திறக்கிறது எது திறக்கவில்லை என்று நோட்டில் ஒரு பட்டியல் போட்டாள். அவளுக்கு அதுதான் லீவு.

ஃபீஸ் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் ரத்தம் கொதிக்கும். 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் தவணையாக 40 சதவீதம் மட்டும் வாங்கலாம் என்றது. எங்களிடம் கேட்டது அதற்கு மேல். கம்பெனியில் பாதிச் சம்பளம், எனக்கு ஜாக்கெட் வேலை இல்லை, கல்யாணமே நடக்காதபோது யார் ஜாக்கெட் தைப்பார்கள். மகளிர் குழு மூலமாக முகக்கவசம் தைத்தேன், லுங்கித் துணி மிச்சத்தை வெட்டி வீட்டுக்கும் தெருவுக்கும் தைத்தேன், அதில் வந்தது பாலுக்கும் ரீசார்ஜுக்கும் சரியாகப் போனது. ஒரு திங்கட்கிழமை காலை வகுப்பு லிங்க் வரவில்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தோம். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வந்திருந்தது. பத்து வயசுகூட ஆகாத பையன், "டீச்சருக்கு என்மேல கோவமாம்மா?" என்று கேட்டான். நான் என்ன சொல்வேன்?

நவம்பரில் பள்ளி திறக்கலாமா என்று ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள், பெரியவளுக்காக நானும் போனேன். ஒரு பெஞ்சுக்கு ஒருத்தர். ஒரு தாள் கொடுத்து எழுதச் சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மா எழுதாமல் எழுந்து நின்று, "எம் பொண்ணு தெனம் தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போய்கினு இருக்குது சார், அங்க வராத கொரோனா இங்கதான் வரப்போதா, தொறங்க" என்றார். திறக்கவில்லை. அறிவித்த தேதியைத் தள்ளிவைத்தார்கள். 2021 ஜனவரி 19ஆம் தேதி பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் திறந்தார்கள், வகுப்புக்கு 25 பேர், சத்து மாத்திரை, நான் தைத்த லுங்கி மாஸ்க். பெரியவள் கிளம்புவதைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்தது, ஏதோ பொண்ணழைப்பு மாதிரி.

அப்புறம் இரண்டாம் அலை. அதை எழுத எனக்கு மனமில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் சாவு. பிளஸ் டூ தேர்வு ரத்து என்று ஜூன் 5ஆம் தேதி அறிவித்தார்கள், அப்புறம் பத்தாம் வகுப்பில் 50 சதவீதம், பிளஸ் ஒன்னில் 20, பிளஸ் டூவில் 30 என்று மார்க் கணக்கிட்டார்கள். ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படித்த வருஷத்துக்கு 30தானா என்று பெரியவள் கேட்டாள். அடுத்த தெருவில் ஒரு பையன், அவனும் பிளஸ் டூ, அப்பா போய்விட்டார், அவன் எதையும் கேட்கவில்லை.

அந்த ஜூனில் பையன்கள் இரண்டு பேரையும் மெட்ரிக்கிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் சேர்த்தோம். பாக்கி கட்டினால்தான் டிசி என்றார்கள் பழைய பள்ளியில். டிசி இல்லாமலே எட்டாவது வரை சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது என்பதை எனக்குச் சொன்னது அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்தான், "நீங்க ஆதாரை மட்டும் கொடுங்கம்மா" என்று முடித்துவிட்டார். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் அதே ஆட்கள்தான், ஒரு வருஷம் முன்பு மெட்ரிக் வேன் வரும்போது தெரு முனையில் என்னோடு நின்ற அம்மாக்கள். தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கில் பிள்ளைகள் அப்படி மாறினார்கள். வீட்டுக்காரருக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது, நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மாதச் செலவில் ஒரு வரி குறைந்தது.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை திறந்தார்கள். அந்தப் படிப்பு வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினது இரண்டாமவள், பையன்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி அவர்கள் முறை வந்தது. கடைக்குட்டி ஒன்றாம் வகுப்பு, பெஞ்சில் உட்கார்ந்தே பழக்கமில்லை, பேர் கூப்பிட்டால் "பிரசண்ட் மிஸ்" சொல்லிவிட்டு எழுந்து வெளியே நடந்தான். டீச்சர் பொறுமைசாலி. ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார், ஆனால் அந்த மாதம் எங்கே கிடைத்தது? திறந்த கையோடு மழை. மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம், கரையோரத்து வீட்டு ஆட்களைப் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். நவம்பர் 19ஆம் தேதி பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது, மணல் மட்டுமே பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அதை ஆறு என்று நம்பவே நேரம் பிடித்தது. அதே நாள் காலையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகளோடு ஒன்பது பேர் போனார்கள். கலெக்டர் லீவு விட்ட செய்தி டிவியில் ஓடும்போதெல்லாம் கடைக்குட்டி, "மறுபடி போன்லயா?" என்று கேட்பான்.

2022 தொடக்கத்தில் எங்கள் பக்கம் இல்லம் தேடிக் கல்வி வந்தது, பள்ளி மூடியிருந்ததில் பிள்ளைகள் விட்டதைத் தெருவிலேயே சொல்லிக்கொடுக்கிற அரசுத் திட்டம். ஒன்று முதல் ஐந்து வரைக்குத் தன்னார்வலராக பிளஸ் டூ முடித்திருந்தால் போதும், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு, மாதம் ஆயிரம் ரூபாய். பெரியவள் கல்லூரி முதல் வருஷம், எழுதிப் போட்டாள், கிடைத்தது. இடம் எங்கள் வீட்டுத் திண்ணையும் அதை ஒட்டின தெருவும். ரெண்டு வருஷம் சம்பளமில்லாமல் செய்த வேலைக்கு அரசாங்கம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது என்றாள். முதல் சம்பளத்தில் என் கம்மல் வட்டிக்குக் கொஞ்சம் கட்டினாள்.

அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் மூன்றாவது படிக்கிறவனுக்குத் தன் பேரை எழுதத் தெரியவில்லை, ஆனால் டச் போனில் குரலை வைத்துத் தேடத் தெரியும். ஐந்தாவது படிக்கிறவளுக்குப் பாட்டு நூறு தெரியும், இரண்டு இலக்கக் கழித்தல் தெரியாது. இரண்டாமவள் தீக்குச்சிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். ஆயிரம் ரூபாயில் பாதி தனக்கு வேண்டும் என்று அக்காவோடு நடந்த சண்டை இன்னும் முடியவில்லை.

மெட்ரிக் பள்ளிக்காரர்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து பையன்கள் பேரை எடுத்துவிட்டார்கள், வாட்ஸ்அப் குழுவிலிருந்து வீட்டுக்காரர் நம்பரை எடுக்கவில்லை. ஆண்டு விழா போட்டோ, சுதந்திர தின போட்டோ எல்லாம் வருகிறது. ஏப்ரல் வந்தால் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று பூ வைத்த படம். நானாக வெளியே வந்துவிடலாம்தான். பாக்கி ஃபீஸ் எவ்வளவு என்று அவர்கள் கடைசியாகப் போட்ட கணக்கு அந்தக் குழுவில்தான் இருக்கிறது, அது இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.